3,500 கிலோ இழுக்கும் என்கிறது விளம்பரம்... குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டா?

ஆஸ்திரேலியாவில் டிசம்பர் பிற்பாதியில் பள்ளிகள் மூடினால், மறுபடி திறக்க ஜனவரி கடைசி ஆகிவிடும். அங்கே அதுதான் கோடை விடுமுறை. அந்த வாரங்களில் நெடுஞ்சாலைகளில் கார்களின் பின்னால் குட்டி வீடுகள் வரிசைகட்டிப் போவதைப் பார்க்கலாம். அவைதான் கேரவன்கள்.

நம்மூரில் கேரவன் என்றால் ஷூட்டிங் ஸ்பாட்டில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். அங்கே அது நடுத்தரக் குடும்பத்தின் விடுமுறை வீடு. கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி, சிலவற்றில் குளியலறைகூட உண்டு. எஞ்சின் மட்டும் கிடையாது. குடும்பத்துக் காரின் பின்னால் கொக்கி போட்டு இழுத்துச் செல்ல வேண்டும். மெல்பர்ன், சிட்னி பக்கம் குடியேறிய நம்மவர்கள் சிலருக்கும் இந்த ஆசை தொற்றிக்கொள்கிறது.

இதற்குத் தனி லைசென்ஸ் தேவையில்லை. சாதாரண கார் லைசென்ஸ் போதும். சிக்கல் ஆரம்பிப்பதே அங்குதான். மூன்று டன் எடையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பிள்ளைகளை உட்கார வைத்து மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகப்போகிறவருக்கு யாரும் வகுப்பு எடுப்பதில்லை. கணக்கு சொல்லித் தருவதும் இல்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் விளம்பரத்தில் பார்த்த ஒரே ஓர் எண்: 3,500 கிலோ.

``3,500 கிலோ இழுக்கும்னு போட்டிருக்கானே, அப்புறம் என்ன?'' என்றுதான் பலரும் கேட்பார்கள். அந்த எண் பொய் அல்ல. ஆனால், அது முழுக் கதையும் அல்ல.

ஒரு வண்டி, ஐந்து வரம்புகள்

கார் கம்பெனி ஒவ்வொரு வண்டிக்கும் பல எடை வரம்புகளை விதிக்கிறது. பெயர்கள்தான் கொஞ்சம் மிரட்டும். விஷயம் எளிது.

முதலாவது, இழுவைத் திறன். பின்னால் அதிகபட்சம் எத்தனை கிலோவை இழுக்கலாம் என்பது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது இதுதான்.

இரண்டாவது, ஜி.வி.எம். கார், அதில் இருக்கும் ஆட்கள், சாமான்கள், டீசல் எல்லாம் சேர்ந்து எவ்வளவு எடை இருக்கலாம் என்ற உச்ச வரம்பு. பின்னால் கட்டிய கேரவன் காரின் கொக்கிமீது அழுத்தும் பாரமும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

மூன்றாவது, ஜி.சி.எம். காரும் கேரவனும் சேர்ந்த மொத்த எடையின் வரம்பு.

நான்காவது, கொக்கி பார வரம்பு. காரின் பின்னால் இருக்கும் 'டோ பால்' என்ற இரும்புக் குண்டின் மேல் கேரவனின் மூக்கு எவ்வளவு அழுத்தலாம் என்பது.

ஐந்தாவது, அச்சு வரம்பு. முன் அச்சு, பின் அச்சு இரண்டுக்கும் தனித்தனியாக ஓர் உச்சம் உண்டு.

கேரவனுக்கும் தனியாக வரம்பு உண்டு. அதன் பெயர் ஏ.டி.எம். பணம் எடுக்கிற ஏ.டி.எம். இல்லை. சாமான், தண்ணீர் எல்லாம் ஏற்றிய பிறகு கேரவனின் மொத்த எடை இதைத் தாண்டக் கூடாது என்ற அளவு அது. கேரவனில் பதித்திருக்கும் தகட்டிலேயே எழுதியிருக்கும்.

இத்தனையில் ஒன்றைத் தாண்டினாலும் வண்டி அளவு மீறியதுதான். எந்த வரம்பு முதலில் குறுக்கே வருகிறதோ, அதுதான் உங்கள் வண்டியின் உண்மையான வரம்பு.

கணக்கைப் போட்டுப் பார்ப்போமா?

அங்கே பரவலாக ஓடும் டபுள் கேபின் பிக்கப் ஒன்றை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். டேங்க் நிறைய டீசல் போட்டு, ஆள் இல்லாமல் அதன் எடை 2,200 கிலோ. ஜி.வி.எம். 3,100 கிலோ. ஜி.சி.எம். 6,000 கிலோ. இழுவைத் திறன் 3,500 கிலோ. கொக்கி பார வரம்பு 350 கிலோ.

3,100-ல் 2,200 போனால் 900 கிலோ மிச்சம். 'அடேயப்பா, நிறைய இருக்கே!' என்று தோன்றும். இப்போது குடும்பத்தை ஏற்றுவோம்.

கணவர் 80 கிலோ, மனைவி 65, பிள்ளைகள் இருவரும் 40, 30. மொத்தம் 215 கிலோ.

அடுத்து, வண்டி வாங்கிய பிறகு மாட்டிய உபரிச் சாதனங்கள். முன்பக்க புல் பார் 60, இழுவைக் கொக்கிச் சட்டம் 35, கூரை கேரியர் 25, இரண்டாவது பேட்டரி 30, கார் ஃபிரிட்ஜ் 35, டூல்ஸ் பெட்டி 40. மொத்தம் 225 கிலோ.

உடைகள், சாப்பாடு, கூடாரம் போன்ற சாமான்கள் 100 கிலோ.

எல்லாம் கூட்டினால் 540 கிலோ. வண்டியின் எடை 2,740 ஆகிவிட்டது. 900-ல் மிச்சம் 360 கிலோதான். கேரவனை இன்னும் மாட்டவே இல்லை.

இப்போது ஜி.சி.எம். கணக்கு. 6,000-ல் 2,740 போனால் 3,260. ஆக, இந்தக் குடும்பத்தோடு போகும்போது அந்த வண்டி இழுக்கக்கூடிய கேரவனின் உச்ச எடை 3,260 கிலோ. விளம்பரத்தில் இருந்த 3,500-ல் 240 கிலோ வாசலைத் தாண்டுவதற்கு முன்பே காணாமல்போய்விட்டது. 3,500 கிலோ கேரவனை இழுக்க வேண்டுமானால், காரின் எடை 2,500 கிலோவைத் தாண்டக் கூடாது. அதாவது 540 கிலோ பாரத்தில் 240 கிலோவை இறக்கிவிட வேண்டும். இறக்குவது யாரை, எதை?

இந்த 3,260-ம் காகிதத்தில் உள்ள உச்சம்தான். உச்சம்வரை ஏற்றினால், வழியில் வாங்கும் இரண்டு தர்பூசணிகூட சிக்கல் ஆகிவிடும். அதனால், வரம்புக்குக் கீழே 10 சதவிகிதமாவது இடம் விட்டுவைப்பது நல்லது. நம் எடுத்துக்காட்டுக் குடும்பத்துக்கு 2,900 கிலோவை ஒட்டிய ஏ.டி.எம். உள்ள கேரவன் பொருந்தும்.

இன்னொரு நுணுக்கம். வண்டியின் வெற்று எடையைச் சில பட்டியல்களில் 'டேர்' என்று போட்டிருப்பார்கள். அது வெறும் 10 லிட்டர் எரிபொருளோடு எடுத்த எடை. டேங்க்கை நிரப்பும்போது இன்னும் 70 லிட்டர் டீசல் சேர்ந்தால், அதுவே 60 கிலோவை நெருங்கும். எந்த எடை என்று பார்த்துத்தான் கணக்கைத் தொடங்க வேண்டும்.

கேரவனுக்குள் ஒளிந்திருக்கும் எடை

2,950 கிலோ ஏ.டி.எம். கொண்ட கேரவனின் வெற்று எடை 2,500 கிலோ என்று வையுங்கள். ஏற்ற முடிந்தது 450 கிலோ.

தலா 95 லிட்டரில் இரண்டு தண்ணீர்த் தொட்டிகள் இருந்தால், நிரப்பியதும் 190 கிலோ போய்விடும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 9 கிலோ கேஸ் சிலிண்டர் இரண்டு என்றால், உள்ளே இருக்கும் கேஸ் மட்டுமே 18 கிலோ. மிச்சம் 242.

அதற்குள்தான் படுக்கை, பாத்திரம், மேஜை, நாற்காலி, மளிகை, பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம் அடங்க வேண்டும். நம் வீட்டுக் கேரவன் என்றால் பத்து கிலோ அரிசி, பிரஷர் குக்கர், இட்லிக்கு மாவாட்டும் கல் கிரைண்டர் என்று பட்டியல் இன்னும் நீளும்.

குழாய்த் தண்ணீர் கிடைக்கும் கேரவன் பூங்காவுக்குத்தான் போகிறீர்கள் என்றால், இரண்டு தொட்டிகளையும் நிரப்பிக்கொண்டு போக அவசியம் இல்லை. குடிநீர் கிடைக்காத பாலைவனப் பாதை என்றால் நிலைமை வேறு. அங்கே தண்ணீரைக் குறைக்கக் கூடாது. வேறு எதையாவது இறக்கிவைக்க வேண்டும்.

மாட்டுவண்டிக்காரருக்குத் தெரிந்த சூத்திரம்

எடை சரியாக இருந்தால் மட்டும் போதாது. அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம்.

இதை நம்மூர் மாட்டுவண்டிக்காரர்கள் எப்போதோ அறிந்துவைத்திருந்தார்கள். மூட்டைகளை முன்னால் அதிகமாக அடுக்கினால் முன்பாரம். நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் அடுக்கினால் பின்பாரம். நுகத்தடி மேலே தூக்கிக்கொண்டு, கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். அச்சுக்கு நேர்மேலே கனத்தை வைத்து, கொஞ்சமே கொஞ்சம் முன்பாரமாக விட்டால் மாடும் சுகமாக நடக்கும், வண்டியும் அலையாமல் வரும்.

கேரவனிலும் அதே கதைதான். நுகத்தடிக்குப் பதில் டோ பால், மாட்டுக்குப் பதில் கார். ஆஸ்திரேலியாவில் கேரவனின் மொத்த எடையில் சுமார் 10 சதவிகிதம் கொக்கியின் மேல் இருக்க வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டுதல். அமெரிக்காவில் 10 முதல் 15 சதவிகிதம் என்பார்கள். எடை குறைந்த கேரவன்களை மெதுவாக இழுக்கும் பிரிட்டனில் 5 முதல் 7 சதவிகிதம்.

இந்த 'முன்பாரம்' குறைந்துபோனால் ஆபத்து அதிகம். பின்பக்கச் சுவரில் இரண்டு சைக்கிளை மாட்டி, பின் பெட்டியில் கருவிகளைப் போட்டு, முன்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டி காலியாகவும் இருந்தால், கேரவன் நேராக வராது. லாரி ஒன்று பக்கத்தில் கடந்துபோகும் காற்றிலேயே அது வாலை ஆட்டத் தொடங்கும். வேகம் கூடியிருந்தால் ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகி, கடைசியில் காரையும் சேர்த்துப் புரட்டிவிடலாம்.

அதற்காக முன்னால் குவித்துவிடவும் கூடாது. நெம்புகோல் கணக்கு ஒன்று இருக்கிறது. டோ பால், காரின் பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருக்கிறது, முன் பின் அச்சுகளுக்கு இடையே 3 மீட்டர் என்று வையுங்கள். கொக்கியில் 300 கிலோ அழுத்தினால், பின் அச்சில் 420 கிலோ கூடும். முன் அச்சில் 120 கிலோ குறையும். முன்சக்கரங்கள்தான் காரைத் திருப்புகின்றன. பிரேக்கின் பெரும்பங்கும் அவற்றுடையதுதான். அவை தரையை லேசாகப் பிடித்தால், ஸ்டியரிங்கும் பிரேக்கும் தளர்ந்துபோகும்.

ஆகவே, கனமான பொருள்கள் கேரவனின் சக்கரங்களுக்கு மேலாக, தரையை ஒட்டி இருக்கட்டும். லேசானவை மேல் அலமாரிகளுக்குப் போகட்டும். இரண்டு முனைகளிலும் கனம் வேண்டாம்.

கார் கனமா, கேரவன் கனமா?

பிரிட்டனில் புதிதாக கேரவன் இழுப்பவர்களுக்கு ஒரு பழைய அறிவுரை உண்டு. கேரவனின் முழு எடை, காரின் வெற்று எடையில் 85 சதவிகிதத்தைத் தாண்ட வேண்டாம் என்பதே அது. சட்டம் அல்ல, பட்டறிவு. ஆஸ்திரேலியாவில் 2,200 கிலோ பிக்கப் 3,000 கிலோ கேரவனை இழுப்பது சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால், பின்னால் இருப்பது கனமாக இருக்கும்போது, அது ஆடத் தொடங்கினால் காரால் அதைக் கட்டுப்படுத்துவது கடினம். முதன்முறை கேரவன் வாங்குபவர்கள் வரம்பைத் தொடும் அளவில் வாங்குவதைவிட, காரைவிட எடை குறைந்த ஒன்றில் தொடங்குவது நல்லது.

நடுத்தர எஸ்.யூ.வி. வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இழுவைத் திறன் 2,000 கிலோ என்று இருந்தாலும், சில மாடல்களில் கொக்கி பார வரம்பு 10 சதவிகிதத்துக்கும் கீழே இருக்கும். வரம்பு 150 கிலோ என்றால், 10 சதவிகிதக் கணக்கில் 1,500 கிலோ கேரவன்தான் பொருந்தும்.

பிரேக் யாருடையது?

ஆஸ்திரேலிய விதிப்படி, 750 கிலோ வரையிலான சிறு டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம் இல்லை. அதற்கு மேல் 2,000 கிலோ வரை ஓர் அச்சின் சக்கரங்களிலாவது பிரேக் வேண்டும். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் இருக்க வேண்டும். கூடவே, கொக்கி கழன்று கேரவன் தனியே ஓடினால் தானாகப் பிடிக்கும் அவசர பிரேக்கும் கட்டாயம்.

வேகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 80 கி.மீ. வேகத்திலிருந்து 100-க்குப் போனால், வேகம் கால் பங்குதான் கூடுகிறது. ஆனால், நிறுத்துவதற்கு பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். மேற்கு ஆஸ்திரேலியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிகள் 100 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது. தெற்கே நல்லார்பார் சமவெளியைக் கடக்கும் சாலையில் சுமார் 146 கி.மீ. தூரத்துக்கு வளைவே கிடையாது. அப்படிப்பட்ட சாலையில் கால் தானாக அழுந்தும். பக்கவாட்டுக் காற்று அடிக்கும் அதே இடத்தில்தான் நிதானம் அதிகம் தேவை.

கேரவன் ஆடத் தொடங்கிவிட்டால் செய்ய வேண்டியவை மூன்று. ஆக்ஸிலரேட்டரிலிருந்து மெதுவாகக் காலை எடுக்க வேண்டும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருக்க வேண்டும். கேரவனின் பிரேக்கை மட்டும் இயக்கும் கைக் கட்டுப்பாடு இருந்தால் அதை மென்மையாக இயக்க வேண்டும். பதறிப்போய் கார் பிரேக்கை ஓங்கி மிதிப்பதும், ஆட்டத்துக்கு எதிராக ஸ்டியரிங்கை வெட்டி வெட்டித் திருப்புவதும் நிலைமையை மோசமாக்கும்.

எடை மேடை பொய் சொல்லாது

காகிதத்தில் போட்ட கணக்கு பாதிதான். மீதிக்கு எடை மேடைக்குப் போக வேண்டும். நம்மூர் நெடுஞ்சாலைகளில் லாரிகள் ஏறி இறங்கும் அதே எடை மேடைதான். அங்கேயும் கட்டணம் செலுத்தி யாரும் எடை போடலாம். ஒரே நிபந்தனை, பயணம் கிளம்புவதுபோலவே போக வேண்டும். டேங்க் நிறைய எரிபொருள், எல்லாச் சாமான்கள், குடும்பத்தில் அத்தனை பேர்.

முதலில் கேரவனைக் கழற்றிவிட்டு காரை மட்டும் எடை போட வேண்டும். 2,740 கிலோ என்று வந்தது என வையுங்கள்.

அடுத்து கேரவனை மாட்டி, காரின் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்த வேண்டும். இப்போது 3,030. ஜி.வி.எம். 3,100-க்குள் இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 290 கிலோதான் கொக்கி பாரம். 350-க்குள் அதுவும் அடங்கிவிட்டது.

மூன்றாவதாக, மாட்டிய நிலையிலேயே கேரவனின் சக்கரங்கள் மட்டும். 2,560. இதோடு 290-ஐக் கூட்டினால் கேரவனின் முழு எடை 2,850. ஏ.டி.எம். 2,950-க்குள் வந்துவிட்டது. கொக்கி பாரமும் கிட்டத்தட்ட 10 சதவிகிதம்.

காரும் கேரவனும் சேர்த்து 5,590. ஜி.சி.எம். 6,000-க்குள்.

காரின் முன், பின் சக்கரங்களைத் தனித்தனியே நிறுத்தி அச்சு எடையையும் பார்த்துக்கொண்டால் சோதனை முடிந்தது. டயர்களில் இந்த எடைக்கு ஏற்ற காற்றழுத்தம் இருக்கிறதா என்பதையும் அன்றைக்கே பார்த்துவிடலாம்.

பாட்டியும் வந்தால்?

இதே குடும்பத்தோடு ஊரிலிருந்து வந்த பாட்டியும் கிளம்புகிறார் என்று வையுங்கள். பிக்கப்பில் ஐந்தாவது சீட் காலியாகத்தான் இருக்கிறது. பாட்டி 60 கிலோ, அவருடைய பெட்டி 25 கிலோ. மொத்தம் 85. கார் 3,030-லிருந்து 3,115 ஆகிவிடும். ஜி.வி.எம். வரம்பைவிட 15 கிலோ அதிகம்.

சீட் இருக்கிறது, சீட் பெல்ட் இருக்கிறது. ஆனால், எடைக்கு இடம் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. தணிக்கையில் பிடிபட்டால் அபராதம். விபத்து என்று வந்தால், வண்டி அளவு மீறியிருந்ததைக் காரணம் காட்டி இன்ஷூரன்ஸ் தொகை மறுக்கப்படலாம். இவற்றையெல்லாம்விடப் பெரியது, அந்த வண்டிக்குள் மூன்று தலைமுறை உட்கார்ந்திருக்கிறது.

இதற்காகப் பாட்டியை வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை. காரில் இருக்கும் 40 கிலோ டூல்ஸ் பெட்டியில் தேவையானதை மட்டும் எடுத்து, மற்றதை வீட்டில் வைக்கலாம். கேரவனில் 100 கிலோ இடம் இருக்கிறது. பாட்டியின் பெட்டியையும் கொஞ்சம் சாமான்களையும் அங்கே, சக்கரங்களுக்கு மேலாக வைக்கலாம். போகும் இடத்தில் குழாய் இருந்தால் ஒரு தொட்டித் தண்ணீரைக் குறைக்கலாம். மாற்றிய பிறகு இன்னொரு முறை எடை போட்டுப் பார்த்தால், நிம்மதியாகக் கிளம்பலாம்.

கேரவன் வாங்கும் எண்ணம் இருக்கும் குடும்பங்கள், ஷோரூமுக்குப் போவதற்கு முன்பே ஒரு தாளில் இந்த எண்களை எழுதிக்கொள்வது நல்லது. காரின் கதவு ஓரத்தில் இருக்கும் தகட்டிலும் கையேட்டிலும் அவை இருக்கும். கொக்கிச் சட்டத்தின் தகட்டில் அதற்கான வரம்பு தனியாக இருக்கும். வீட்டில் இருப்பவர்களின் எடையைக் கூச்சப்படாமல் எழுதுங்கள். அதற்குப் பிறகு கேரவனின் விலையைப் பேசலாம்.